ஸ்னாப்ஷாட்டுகள் கொள்ளும் வட்டிடம்: அளவையும் சொல்லும்

1. முன்னுரை

கணிப்பொறியில் பெரிய மொழித் தரவகம் ஒன்றைப் பேணுவோர், வட்டில் இடம் குறைந்துவிட்ட நிலையில், இனித் தேவைப்படா எனக் கருதும் கோப்புகளை நீக்குவது வழக்கம். நீக்கிய பின்னரும் வெற்றிடம் சிறிதும் கூடாதிருப்பதைக் கண்டு அவர்கள் வியப்புறுவதுண்டு. கோப்புகள் பட்டியலில் இல்லை. ஆயினும் அவை கொண்டிருந்த இடம் திரும்பவில்லை. அந்த இடத்தைப் பிடித்துவைத்திருப்பவை கோப்பமைப்பின் ஸ்னாப்ஷாட்டுகள் என்பது சற்று ஆராய்ந்தால் புலப்படும்.

சிக்கல் இத்துடன் முடிவதில்லை. எந்த ஸ்னாப்ஷாட் எவ்வளவு இடத்தைக் கொண்டுள்ளது என்று பார்க்க முற்பட்டால், ஒவ்வொன்றின் எதிரிலும் மிகச் சிறிய எண்ணே காணப்படுகிறது. அவற்றைக் கூட்டினாலும் காணாமற்போன இடத்திற்கு ஈடாவதில்லை. மனம் சலித்து, பழைய ஸ்னாப்ஷாட் ஒன்றை நீக்கினால், இடம் கிட்டாததோடு மற்றொரு ஸ்னாப்ஷாட்டின் எதிரிலுள்ள எண் திடீரென்று பெருகிவிடுகிறது. கருவி தவறாகக் கணக்கிடுகிறது என்ற முடிவுக்குப் பயனாளர் வருவது இயல்பே. ஆனால் கருவி தவறு செய்வதில்லை. பயனாளர் ஒரு வினாவைக் கேட்கிறார்; கருவி வேறொரு வினாவிற்கு விடை தருகிறது.

இவ்வேறுபாட்டை அறியாமல் எடுக்கும் முடிவுகள் திருத்த இயலாதவை. நீக்கப்பட்ட ஸ்னாப்ஷாட்டை மீட்க வழியில்லை. களப்பணியில் பதிவுசெய்த பேச்சின் முதல் எழுத்துப்பெயர்ப்பு, திருத்தத்திற்கு முந்திய இலக்கணக் குறியீடு, குறியேற்றம் மாற்றப்படுவதற்கு முந்திய மூலக் கோப்பு ஆகியவை சில வேளைகளில் பழைய ஸ்னாப்ஷாட் ஒன்றில் மட்டுமே எஞ்சியிருக்கும். இடம் தேடிச் செல்பவர் இடமும் பெறாமல், சான்றையும் இழக்க நேரிடும். எனவே ஸ்னாப்ஷாட்டுகளின் இட அளவை எவ்வாறு வரையறுக்கப்படுகிறது, எவ்வாறு கணிக்கப்படுகிறது, எவ்வாறு படிக்கப்பட வேண்டும் என்பனவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். விளக்கத்திற்கு இசட்எஃப்எஸ் என்னும் கோப்பமைப்பு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பிற அமைப்புகள் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. ஸ்னாப்ஷாட் என்னும் சொல்

ஸ்னாப்ஷாட் என்பதைத் தமிழில் 'நகல்' என்றோ 'படி' என்றோ பெயர்ப்பது எளிது. ஆனால் அப்பெயர்ப்பே அளவைக் குழப்பத்திற்கு வித்திடுகிறது. நகல் என்ற சொல், மூலம் ஒன்று, அதனைப் பார்த்து எடுத்த மற்றொன்று என இரு பொருள்களைக் குறிப்பாக உணர்த்தும். நூறு பக்க நூலின் நகலுக்கும் நூறு பக்கம் வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுக்கும்பொழுது இரண்டாவது பொருள் எதுவும் உண்டாவதில்லை. குறிப்பிட்ட கணத்தில் கோப்பமைப்பு எந்நிலையில் இருந்ததோ அந்நிலைக்கு ஒரு பெயர் இடப்படுகிறது. அந்நிலைக்கு உரிய தரவு இனி அழிக்கப்படலாகாது என்ற காப்பும் அதனுடன் அமைகிறது. ஆதலின் 10 ஜிகாபைட்டு கொண்ட கோப்பமைப்பின் ஸ்னாப்ஷாட், எடுத்த கணத்தில் ஏறத்தாழ இடம் எதனையும் கொள்வதில்லை.

இக்காரணம் பற்றி ஸ்னாப்ஷாட் என்னும் கடன்சொல்லே இங்கு ஆளப்படுகிறது. பயன்பாட்டில் உள்ள, வாசிப்போரை வேறு திசையில் ஈர்க்காத சொல் அது.

3. செயற்படும் முறை

கோப்பமைப்பு, வட்டினைப் பிளாக் எனப்படும் தொகுதிகளாகப் பிரித்துக் கையாளுகிறது. மரபான கோப்பமைப்பில், கோப்பின் ஒரு பகுதி திருத்தப்படும்பொழுது அதே தொகுதியின் மீதே புதிய தரவு எழுதப்படும், பழையது அழியும். இசட்எஃப்எஸ் போன்ற அமைப்புகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. திருத்தப்பட்ட தரவு வேறொரு வெற்றுத் தொகுதியில் எழுதப்படுகிறது. பின்னர், அதனைச் சுட்டும் குறிப்புகள் புதிய இடத்தைச் சுட்டுமாறு மாற்றப்படுகின்றன. பழைய தொகுதியை வேறு எதுவும் சுட்டாவிடில் அது விடுவிக்கப்படும். ஸ்னாப்ஷாட் ஒன்று சுட்டிக்கொண்டிருந்தால் அது விடுவிக்கப்படாமல் வட்டிலேயே நிற்கும்.

இம்முறையை நடைமுறைச் சாதனத்தில் கொண்டுவந்த முன்னோடிகளுள் குறிப்பிடத்தக்கது நெட்ஆப் நிறுவனத்தின் வாஃபிள் என்னும் கோப்பமைப்பு. டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் ஆகியோர் 1994-இல் இதனை விளக்கி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மாத்யூ ஆரென்ஸ் முதலியோர் 2001-இல் தொடங்கிய பணியின் விளைவாக இசட்எஃப்எஸ் உருவாகி, 2005-இல் அதன் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. லினக்ஸ் இயக்க அமைப்பிற்கென கிறிஸ் மேசன் 2007-இல் தொடங்கிய பிடிஆர்எஃப்எஸ், 2009-இல் லினக்ஸ் கருநிரலில் இடம்பெற்றது. ஆப்பிள் நிறுவனம் 2017-இல் தன் கணிப்பொறிகளில் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் அமைப்பும் ஸ்னாப்ஷாட் வசதியுடையது.

இவை அனைத்திற்கும் பொதுவான இயல்பு பகிர்வு. ஒரே தொகுதியை நடப்புநிலையும் சுட்டலாம். ஒன்றும் பலவுமாகிய ஸ்னாப்ஷாட்டுகளும் சுட்டலாம். பகிரப்படும் பொருளின் இடத்தை யாருடைய கணக்கில் எழுதுவது என்பதே அளவைச் சிக்கலின் மூலமாகும்.

4. நால்வகை அளவுகள்

ஸ்னாப்ஷாட்டைப் பற்றிக் கேட்கக்கூடிய வினாக்கள் நான்கு. அவற்றிற்குரிய விடைகள் இங்கு நான்கு பெயர்களால் சுட்டப்படுகின்றன.

4.1 சுட்டளவு: இந்த ஸ்னாப்ஷாட்டின் வழியாக அடையக்கூடிய தரவு எவ்வளவு? இசட்எஃப்எஸ் இதனை 'ரெஃபரன்ஸ்டு' என்ற பண்பாகக் காட்டுகிறது. பகிர்வு இங்குக் கருதப்படுவதில்லை.

4.2 தனியளவு: இந்த ஸ்னாப்ஷாட் மட்டுமே சுட்டும் தரவு எவ்வளவு? அதாவது, இதனை மட்டும் இப்பொழுது நீக்கினால் கிட்டும் இடம் எவ்வளவு? ஸ்னாப்ஷாட்டின் எதிரில் 'யூஸ்டு' என்ற தலைப்பின்கீழ்க் காணப்படுவது இதுவே.

4.3 கூட்டளவு: நடப்புநிலையில் இல்லாமல், ஸ்னாப்ஷாட்டுகளால் மட்டுமே நிலைபெற்றுள்ள தரவு மொத்தம் எவ்வளவு? அதாவது, எல்லா ஸ்னாப்ஷாட்டுகளையும் நீக்கினால் கிட்டும் இடம் எவ்வளவு? இது 'யூஸ்டு பை ஸ்னாப்ஷாட்ஸ்' எனப்படும்.

4.4 பிறப்பளவு: முந்திய ஸ்னாப்ஷாட்டிற்குப் பின் புதிதாக எழுதப்பட்டு, இந்த ஸ்னாப்ஷாட்டில் இடம்பெற்ற தரவு எவ்வளவு? இது 'ரிட்டன்' என்ற பண்பு.

'யூஸ்டு' என்ற சொல் இங்குக் கவனத்திற்குரியது. கோப்பமைப்பின் எதிரில் அச்சொல் வரும்பொழுது, அதன் நடப்புத் தரவு, ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்துள்ளவை, அதன்கீழ் அமைந்த பிற கோப்பமைப்புகள் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய மொத்தத்தைக் குறிக்கும். ஸ்னாப்ஷாட்டின் எதிரில் வரும்பொழுது தனியளவை மட்டும் குறிக்கும். ஒரே பட்டியலில், ஒரே தலைப்பின்கீழ், ஒரே சொல் இரு பொருளில் வழங்குகிறது. பலபொருள் குறித்த ஒருசொல்லின் பொருளைத் தெளிவிக்க மொழியில் சூழல் துணை நிற்கும். எண்களின் நிரலில் அத்தகைய துணை இல்லை. ஒரே நிரலில் அமைந்த எண்கள் ஒன்றோடொன்று கூட்டத்தக்கவை என்று கருதுவது வாசிப்போரின் இயல்பு. இங்கு அவ்வாறு கூட்டலாகாது.

5. ஓர் எடுத்துக்காட்டு

நான்கு அளவுகளும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைக் கற்பனையான சிறு தரவகம் ஒன்றைக் கொண்டு காணலாம். அதில் அ, ஆ, இ என மூன்று பகுதிகள் உள்ளன. அ 6 ஜிகாபைட்டு. ஆ 3 ஜிகாபைட்டு. இ 1 ஜிகாபைட்டு. பின்வரும் நிகழ்ச்சிகள் முறையே நடைபெறுகின்றன.

(அ) முதலாம் ஸ்னாப்ஷாட் எடுக்கப்படுகிறது. அது அ, ஆ, இ ஆகியவற்றைச் சுட்டும்.

(ஆ) இ நீக்கப்பட்டு, 1 ஜிகாபைட்டு அளவுள்ள ஈ சேர்க்கப்படுகிறது. இரண்டாம் ஸ்னாப்ஷாட் எடுக்கப்படுகிறது. அது அ, ஆ, ஈ ஆகியவற்றைச் சுட்டும்.

(இ) ஆ நீக்கப்படுகிறது. மூன்றாம் ஸ்னாப்ஷாட் எடுக்கப்படுகிறது. அது அ, ஈ ஆகியவற்றைச் சுட்டும்.

(ஈ) 2 ஜிகாபைட்டு அளவுள்ள உ சேர்க்கப்படுகிறது. நடப்புநிலையில் அ, ஈ, உ உள்ளன.

வட்டில் உண்மையில் இருப்பவை அ, ஆ, இ, ஈ, உ ஆகிய ஐந்தும். அவற்றின் மொத்தம் 13 ஜிகாபைட்டு. இனி அளவுகளைக் காண்போம்.

சுட்டளவு: முதலாம் ஸ்னாப்ஷாட் 10, இரண்டாம் ஸ்னாப்ஷாட் 10, மூன்றாம் ஸ்னாப்ஷாட் 7, நடப்புநிலை 9. கூட்டுத்தொகை 36.

தனியளவு: முதலாம் ஸ்னாப்ஷாட் 1, அதாவது இ, இரண்டாம் ஸ்னாப்ஷாட் 0, மூன்றாம் ஸ்னாப்ஷாட் 0. கூட்டுத்தொகை 1.

கூட்டளவு: ஆ, இ ஆகியவை நடப்புநிலையில் இல்லை. எனவே 4.

பிறப்பளவு: முதலாம் ஸ்னாப்ஷாட் 10, இரண்டாம் ஸ்னாப்ஷாட் 1, அதாவது ஈ, மூன்றாம் ஸ்னாப்ஷாட் 0, நடப்புநிலை 2, அதாவது உ. கூட்டுத்தொகை 13.

சுட்டளவுகளின் கூட்டுத்தொகையாகிய 36, உண்மை அளவைவிட மிகப் பெரிது. பகிரப்பட்டவை மீண்டும் மீண்டும் எண்ணப்பட்டுள்ளன. தனியளவுகளின் கூட்டுத்தொகையாகிய 1, கூட்டளவாகிய 4-ஐவிட மிகச் சிறிது. இடைவெளியாகிய 3 ஜிகாபைட்டு ஆ என்னும் பகுதிக்கு உரியது. அதனை முதலாம் ஸ்னாப்ஷாட்டும் இரண்டாம் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து பிடித்துள்ளன. இருவர் பிடித்திருப்பதால் அது எவருடைய தனிக்கணக்கிலும் வாராது. முன்னுரையில் கூறப்பட்ட, பட்டியலில் காணாத இடம் என்பது இதுவே.

இப்பொழுது இரண்டாம் ஸ்னாப்ஷாட்டை மட்டும் நீக்கினால் கிட்டும் இடம் 0. ஆனால் நீக்கிய உடனே முதலாம் ஸ்னாப்ஷாட்டின் தனியளவு 1-லிருந்து 4 ஆக உயரும். ஆ இப்பொழுது அதற்கு மட்டுமே உரியதாகிவிட்டது. மாறாக, முதலாம் ஸ்னாப்ஷாட்டை முதலில் நீக்கினால் 1 ஜிகாபைட்டு கிட்டும். இரண்டாம் ஸ்னாப்ஷாட்டின் தனியளவு 0-லிருந்து 3 ஆகும். எந்த வரிசையில் நீக்கினாலும் இரண்டும் நீங்கிய பின் கிட்டுவது 4 ஜிகாபைட்டே. வரிசைக்கேற்ப மாறுவது ஒவ்வொரு படியிலும் காட்டப்படும் எண் மட்டுமே.

6. சுவடியியல் ஒப்புமை

தனியளவுக்கும் கூட்டளவுக்கும் உள்ள உறவு, பாட ஆராய்ச்சியில் பயின்றோர்க்குப் புதிதன்று. ஒரு நூலுக்கு மூன்று சுவடிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு பாடம் ஒரே சுவடியில் காணப்படின், அச்சுவடி சிதைந்தால் அப்பாடமும் மறையும். மற்றொரு பாடம் இரு சுவடிகளில் காணப்படின், அவற்றுள் ஒன்று சிதைந்தாலும் பாடம் நிற்கும். ஆனால் எஞ்சிய சுவடியின் மதிப்பு அந்நிலையில் உயர்ந்துவிடும். சுவடிகளைத் தனித்தனியே எடுத்து, இதில் மட்டும் உள்ள பாடங்கள் எத்தனை என்று எண்ணிக் கூட்டினால், அச்சிட்ட பதிப்பில் இல்லாத பாடங்கள் அனைத்தும் அத்தொகையில் அடங்கா. இரு சுவடிகளில் வரும் பாடங்கள் விடுபட்டுப்போகும்.

இவ்வொப்புமையில் ஒரு வேறுபாடும் உண்டு. சுவடிகளில் ஒரு பாடம் மறைந்து, பின்னர் வேறொரு சுவடியில் மீண்டும் தோன்றலாம். இதுகாறும் கூறிய ஸ்னாப்ஷாட் வரிசையில், நடப்புநிலையிலிருந்து நீங்கிய தொகுதி மீண்டும் இயல்பாக அவ்வரிசையில் புகுவதில்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் பிறப்பு ஒன்று, நீக்கம் ஒன்று. இடையில் அதன் வாழ்வு தொடர்ச்சியானது. இத்தொடர்ச்சியே கணக்கீட்டை எளிதாக்குகிறது.

7. கணக்கிடும் வழிகள்

7.1 குறிப்பட்டியல் முறை: 1994-இல் விளக்கப்பட்ட வாஃபிள் அமைப்பில், 4 கிலோபைட்டு அளவுள்ள ஒவ்வொரு தொகுதிக்கும் 32 பிட்டுகள் கொண்ட பதிவு ஒன்று இருந்தது. முதற்பிட் நடப்புநிலைக்கும், அடுத்தவை ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டிற்கும் உரியவை. எல்லாப் பிட்டுகளும் சுழியாக இருந்தால் தொகுதி வெற்றிடம். ஒரே ஒரு ஸ்னாப்ஷாட்டின் பிட் மட்டும் ஒன்றாக இருந்தால் அத்தொகுதி அதற்கே உரியது. நான்கு அளவுகளுள் எதனையும் இப்பட்டியலைப் படித்தே வருவித்துவிடலாம். ஆயின் ஸ்னாப்ஷாட்டுகளின் எண்ணிக்கைக்குப் பதிவின் அகலமே எல்லை வகுத்தது. அக்காலத்தில் அவ்வமைப்பு ஒரே வேளையில் 20 ஸ்னாப்ஷாட்டுகள் வரை வைத்துக்கொண்டது.

7.2 பிறப்புக்குறி முறை: இசட்எஃப்எஸ் வேறு வழியை மேற்கொண்டது. ஒவ்வொரு தொகுதியையும் சுட்டும் குறிப்பில், அத்தொகுதி எழுதப்பட்ட பரிமாற்றக் குழுவின் எண் பதியப்படுகிறது. இதனைப் பிறப்புக்குறி எனலாம். நடப்புநிலையிலிருந்து ஒரு தொகுதி நீக்கப்படும்பொழுது, அதன் பிறப்பு கடைசி ஸ்னாப்ஷாட்டிற்குப் பிற்பட்டதாயின், அதனை எந்த ஸ்னாப்ஷாட்டும் கண்டிருக்க இயலாது. எனவே உடனே விடுவிக்கப்படும். பிறப்பு முற்பட்டதாயின், அது 'டெட் லிஸ்ட்' எனப்படும் நீக்கப்பட்டியலில் சேர்க்கப்படும். முந்திய ஸ்னாப்ஷாட்டில் இருந்து, அடுத்ததில் இல்லாமற்போனவை எவை என்பதை ஒவ்வொரு நீக்கப்பட்டியலும் தெரிவிக்கிறது.

ஆகவே ஒரு ஸ்னாப்ஷாட்டின் தனியளவைக் காண முழு வட்டையும் தேட வேண்டியதில்லை. அடுத்து வரும் நிலையின் நீக்கப்பட்டியலில், முந்திய ஸ்னாப்ஷாட்டிற்குப் பின் பிறந்தவை எவையோ அவையே இதற்கு மட்டும் உரியவை. இக்கருத்தைத் தொடர் வரிசை ஒன்றிற்கும் விரிக்கலாம். அடுத்தடுத்த சில ஸ்னாப்ஷாட்டுகளை ஒருசேர நீக்கினால் கிட்டுவது, அவ்வரிசைக்கு முந்திய ஸ்னாப்ஷாட்டிற்குப் பின் பிறந்து, அவ்வரிசைக்கு அடுத்த நிலைக்குள் நீங்கிய தொகுதிகளின் அளவாகும்.

பிறப்பளவுகளின் கூட்டுத்தொகை மட்டும் உண்மை மொத்தத்தோடு ஒத்திருந்தமைக்கும் காரணம் இதுவே. ஒவ்வொரு தொகுதிக்கும் பிறப்பு ஒன்றே; ஆகவே அது ஒரே கணக்கில் ஒருமுறையே எண்ணப்படும். குளோன் எனப்படும் கிளை அமைப்புகள் இல்லாதவிடத்து இது பொருந்தும். எனினும் பிறப்பளவு, தரவு எப்பொழுது வந்து சேர்ந்தது என்பதைக் கூறுமேயன்றி, எதனை நீக்கினால் இடம் கிட்டும் என்பதைக் கூறாது. எடுத்துக்காட்டில் முதலாம் ஸ்னாப்ஷாட்டின் பிறப்பளவு 10. அதனை நீக்கினால் கிட்டுவதோ 1.

8. பிற அமைப்புகள்

8.1 லினக்ஸின் எல்விஎம் என்னும் வட்டுப் பகுப்பு மேலாண்மையில் பழைய வகை ஸ்னாப்ஷாட்டுகள், மூலத்தில் ஒரு பகுதி முதன்முறை மாற்றப்படும்பொழுது, பழைய தரவை ஸ்னாப்ஷாட்டிற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் உண்மையாகவே நகலெடுத்து வைக்கின்றன. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டிற்கும் தனி இடம், பகிர்வு இல்லை. எனவே அளவுகள் கூட்டத்தக்கவை. ஒன்றை நீக்கினால் மற்றொன்றின் அளவு மாறாது. இவ்வெளிமைக்குத் தரும் விலை பெரிது. ஸ்னாப்ஷாட்டுகள் பல இருப்பின் ஒரே பழைய தரவு பலமுறை எழுதப்படும். ஒதுக்கிய இடம் நிரம்பினால் ஸ்னாப்ஷாட்டே செல்லாததாகிவிடும். இம்முறைக்கும் இசட்எஃப்எஸ் முறைக்கும் 'எழுதுங்கால் நகலெடுத்தல்' என்ற ஒரே பெயர் வழங்கிவருகிறது. ஒன்றில் பழையது இடம் பெயர்கிறது. மற்றொன்றில் புதியது வேறிடத்தில் பிறக்கிறது. பெயர் ஒன்றாயினும் அளவை வேறு.

8.2 பிடிஆர்எஃப்எஸ் அமைப்பில் ஸ்னாப்ஷாட்டும் நடப்புநிலையும் சமநிலை உடையவை, இரண்டும் துணைத்தொகுப்புகளே. இசட்எஃப்எஸ் அமைப்பில் பகிரப்பட்ட தொகுதி நடப்புநிலையின் கணக்கில் எழுதப்படும். பிடிஆர்எஃப்எஸ் அமைப்பின் கியூகுரூப் எனப்படும் கணக்குக் குழுக்களிலோ, ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தில் நடப்புநிலையின் தனியளவும் ஏறக்குறையச் சுழியாகிவிடும். ஏனெனில் அதன் தரவு முழுவதும் இப்பொழுது பகிரப்படுகிறது. நிறையத் தரவுள்ள துணைத்தொகுப்பின் எதிரில் சில கிலோபைட்டுகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பல துணைத்தொகுப்புகளை மேல்நிலைக் குழுவில் சேர்த்தால், அக்குழுவிற்கு மட்டும் உரிய அளவு கிட்டும்; இது கூட்டளவுக்கு நிகரானது. ஸ்னாப்ஷாட்டுகள் பெருகப் பெருக இக்கணக்கைப் பேணும் செலவு மிகுதலின், லினக்ஸ் 6.7 பதிப்பில் எளிய கணக்குமுறை ஒன்று சேர்க்கப்பட்டது. அதில், தரவை முதன்முதல் எழுதிய துணைத்தொகுப்பின் கணக்கிலேயே அது இறுதிவரை நிற்கும். பிறப்பளவின் கருத்தே இங்கு வேறு வடிவில் வந்துள்ளது எனலாம்.

9. பழைய கருவிகளின் எல்லை

யூனிக்ஸ் மரபில் இடத்தை அளக்க இரு கட்டளைகள் உள்ளன. 'டியூ' என்பது அடைவுகளில் புகுந்து கோப்புகளின் இடத்தைக் கூட்டிச் சொல்லும். 'டிஎஃப்' என்பது கோப்பமைப்பையே வினவி, பயன்பட்ட இடத்தையும் வெற்றிடத்தையும் சொல்லும். நடப்புநிலையில் 'டியூ' இயக்கினால் ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்துள்ள இடம் தெரியாது. மேற்கூறிய எடுத்துக்காட்டில் 9 என்றே வரும். ஸ்னாப்ஷாட்டுகளின் அடைவுகளுக்குள் அதனை இயக்கினால் ஒவ்வொன்றின் முழுச் சுட்டளவையும் தனித்தனியே எண்ணிக் கூட்டும். அதே கருவி, ஒரே கோப்பிற்கு அதே கோப்பமைப்பில் இரு பெயர்கள் இருந்தால் ஒருமுறையே எண்ணும் நுட்பம் உடையது. ஸ்னாப்ஷாட்டுகள் தனித்தனிக் கோப்பமைப்புகளாகத் தோற்றமளிப்பதால் அந்நுட்பம் இங்குப் பயன்படுவதில்லை.

தரவு இறுக்கமும் கருதத்தக்கது. இசட்எஃப்எஸ் அமைப்பில் சுட்டளவு, இறுக்கத்திற்குப் பின் வட்டில் கொண்ட இடத்தைக் குறிக்கும். இறுக்கத்திற்கு முந்திய அளவு 'லாஜிக்கல்' என்ற அடையுடன் தனிப் பண்பாகக் காட்டப்படுகிறது. கோப்பின் நீளத்தைக் கொண்டு இடத்தை மதிப்பிடுவது இவ்வகையில் பிழைபடும்.

10. எழுத்துத் தரவில் எழும் சிறப்புக் கூறு

ஸ்னாப்ஷாட் பிடிக்கும் இடம், தரவின் பொருளில் ஏற்பட்ட மாற்றத்தின் அளவைப் பொறுத்ததன்று. மீண்டும் எழுதப்பட்ட தொகுதிகளின் அளவைப் பொறுத்தது. இசட்எஃப்எஸ் அமைப்பில் பெரிய கோப்புகளின் பதிவளவு இயல்பாக 128 கிலோபைட்டு, அதாவது 1,31,072 பைட்டு. யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு கொள்ளும். 'கி' என்னும் உயிர்மெய், ககரமும் இகரக் குறியும் என இரண்டாகப் பதியப்படுவதால் 6 பைட்டு கொள்ளும். எனவே ஒரு பதிவில் ஏறத்தாழ 43,690 குறிகள் அடங்கும். அவற்றுள் ஒன்றைத் திருத்தினாலும் பதிவு முழுவதும் புதிதாக எழுதப்படும். மேலும், உரை திருத்தும் மென்பொருள்கள் பல, கோப்பைச் சேமிக்கும்பொழுது முழுக் கோப்பையும் புதிதாக எழுதுகின்றன. அந்நிலையில் ஒற்றெழுத்து ஒன்றைச் சேர்த்ததற்காகக் கோப்பின் பழைய வடிவம் முழுவதும் ஸ்னாப்ஷாட்டின் பிடியில் நிற்கும்.

தரவகம் முழுவதையும் பழைய குறியேற்றத்திலிருந்து யூனிகோடிற்கு மாற்றுவது இதன் உச்சநிலை. உரையில் ஒரு சொல்லும் மாறவில்லை; ஆயினும் ஒவ்வொரு தொகுதியும் புதிது. பழைய வடிவம் முழுவதும் கூட்டளவில் சேரும். இலக்கணக் குறியீடுகளைத் தானியங்கியாகச் சேர்த்து எல்லாக் கோப்புகளையும் மீண்டும் எழுதுவதும் இத்தகையதே. மாறாக, 50 ஜிகாபைட்டு ஒலிப்பதிவுகளைத் தொடாமல் வைத்திருந்தால், அவற்றின் மீது நூறு ஸ்னாப்ஷாட்டுகள் எடுத்தாலும் கூடுதல் இடம் மிகச் சிறிது. அதே கோப்பமைப்பிற்குள் கோப்பின் பெயரை மாற்றுவதும் அத்தகையதே. வேறொரு கோப்பமைப்பிற்கு நகர்த்தினால், அங்குப் புதிய தரவு எழுதப்படும், இங்குப் பழையது ஸ்னாப்ஷாட்டில் நிற்கும், இடம் இருமடங்காகும்.

11. நீக்கும் முன் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய ஒழுங்கு ஒன்று பெறப்படுகிறது.

முதலாவதாக, கூட்டளவைக் காண வேண்டும். அது சிறிதாயின் ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கிப் பயனில்லை. இடக்குறைவிற்குக் காரணம் நடப்புத் தரவே. பெரிதாயின், ஸ்னாப்ஷாட் ஒவ்வொன்றின் தனியளவையும் கூட்டிப் பார்த்து, இடைவெளியை அறிய வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்தால், இடம் பல ஸ்னாப்ஷாட்டுகளால் பகிர்ந்து பிடிக்கப்பட்டுள்ளது என்பது பொருள்.

இரண்டாவதாக, நீக்கக் கருதும் வரிசையை உண்மையில் நீக்காமலே சோதிக்க வேண்டும். இசட்எஃப்எஸ் அமைப்பின் நீக்கல் கட்டளையாகிய 'டெஸ்ட்ராய்' என்பதில், முதல் ஸ்னாப்ஷாட்டையும் இறுதி ஸ்னாப்ஷாட்டையும் விழுக்காட்டுக் குறியால் இணைத்து, 'என்', 'வி' என்னும் இரு தெரிவுகளையும் சேர்த்தால், எவை நீங்கும், எவ்வளவு இடம் கிட்டும் என்பதை அது தெரிவிக்கும்; எதனையும் நீக்காது. எடுத்துக்காட்டில் முதலாவதையும் இரண்டாவதையும் இவ்வாறு வினவினால் 4 என்ற விடை வரும். பட்டியலில் எங்கும் காணப்படாத எண் இது. ஆனால் முடிவெடுப்பதற்கு வேண்டிய எண் இதுவே.

மூன்றாவதாக, கிட்டப்போகும் இடம் எத்தரவினுடையது என்பதை ஆராய வேண்டும். அடுத்தடுத்த இரு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையிலான கோப்பு வேறுபாட்டை 'டிஃப்' என்ற கட்டளை பட்டியலிடும். தனியளவு சுழி என்று காணப்படும் ஸ்னாப்ஷாட்டை நீக்குவதால் அந்நேரத்தில் தரவு எதுவும் இழக்கப்படுவதில்லை. ஆனால் அதன்பின் அதே தரவைத் தாங்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றே ஆகிவிடலாம். அடுத்த முறை நீக்குபவர் அதனை அறியாமலிருக்கக்கூடும்.

நான்காவதாக, நீக்கிய உடனே வெற்றிடம் கூடாவிட்டால் அவசரப்பட்டு மேலும் நீக்கலாகாது. விடுவிக்கும் பணி பின்னணியில் சிறிது நேரம் நடைபெறக்கூடும். எஞ்சிய அளவை வட்டுத்தொகுப்பின் 'ஃப்ரீயிங்' என்ற பண்பு காட்டும்.

12. முடிவுரை

ஒரு ஸ்னாப்ஷாட் எவ்வளவு இடம் கொள்கிறது என்ற வினாவிற்கு ஒற்றை விடை இல்லை. எவ்வளவு தரவை அடையலாம், இதனை மட்டும் நீக்கினால் எவ்வளவு கிட்டும், அனைத்தையும் நீக்கினால் எவ்வளவு கிட்டும், எவ்வளவு புதிதாக வந்தது என நான்கு வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. பகிர்வு உள்ள இடத்தில் இவை வேறு வேறு விடைகளைப் பெறும். 'கொள்கிறது' என்னும் வினை, கொள்பவர் ஒருவர், கொள்ளப்படும் பொருள் ஒன்று என்ற உறவை முன்கொள்கிறது. பலர் சேர்ந்து ஒரு பொருளைப் பிடித்திருக்கும்பொழுது அவ்வுறவு பொருந்துவதில்லை. ஆதலின் ஸ்னாப்ஷாட் ஒன்றைத் தனியே எடுத்து அதன் அளவைக் கேட்பதினும், நீக்கக் கருதும் தொகுதியைக் குறித்து, அது நீங்கினால் எது விடுபடும் எனக் கேட்பதே பொருந்தும். தரவகத்தைப் பேணுவோர் பட்டியலில் கண்ட எண்ணை நம்பி நீக்காமல், இவ்வினாவை முதலில் எழுப்பி விடை பெற்றபின் நீக்குவாராயின், இடமும் கிட்டும். காக்கத்தக்க சான்றும் நிற்கும்.